'என்' (N) ஸ்கேல் டீசல் லோகோவில் ஒலி டிகோடரும் ஸ்பீக்கரும் பொருத்துவது: முழுமையான வழிகாட்டி

'என்' ஸ்கேல் என்பது 1:160 மாடல் ரயில் அளவு. அந்த அளவில் ஓர் எஸ்டி40-2 என்ற அமெரிக்க டீசல் லோகோ 131 மி.மீ. நீளம் இருக்கும். அதன் நீண்ட ஹுட் (எஞ்சினை மூடும் ஒடுங்கிய கூடு) வெளிப்புறத்தில் சுமார் 11 முதல் 12 மி.மீ. அகலம்தான். இருபக்கச் சுவர்களின் தடிமனைக் கழித்தால் உள்ளே 9 அல்லது 10 மி.மீ. மிஞ்சும். அதிலும் பெரும்பகுதியை இரும்புபோல் கனமான துத்தநாகக் கலவை ஃப்ரேம் அடைத்துக்கொண்டிருக்கும். இந்த இடத்துக்குள் ஒரு டிகோடர் (தண்டவாளம் வழியாக வரும் டிஜிட்டல் கட்டளைகளைப் படித்து மோட்டார், விளக்கு, ஒலியை இயக்கும் சிறு பலகை), ஒரு ஸ்பீக்கர், ஸ்பீக்கருக்கான காற்றுப்பெட்டி, முடிந்தால் சில மின்தேக்கிகள் எல்லாம் போயாக வேண்டும்.

பெரும்பாலானோர் டிகோடரை முதலில் வாங்கிவிட்டு, மீந்த இடத்தில் ஸ்பீக்கரைத் திணிக்கிறார்கள். கொசு ரீங்காரம் போன்ற ஒலி வருவதற்கு அதுவே முதல் காரணம். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதல் இடம் ஸ்பீக்கர் பெட்டிக்கு, அடுத்தது மோட்டார் தனிமைப்படுத்தலுக்கு, கடைசியில்தான் டிகோடர். விலையுயர்ந்த டிகோடரையும் ஒழுகும் பெட்டி கெடுத்துவிடும். சுமாரான டிகோடர்கூட நல்ல பெட்டி கிடைத்தால் காதுக்கு இதமாக ஒலிக்கும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது காட்டோ, அட்லஸ் போன்ற நிறுவனங்களின் பிளவு ஃப்ரேம் டீசல் லோகோ. அதாவது இடது, வலது என இரண்டு உலோகப் பாதிகள், நடுவே மோட்டார், மேலே விளக்குப் பலகை. என் ஸ்கேல் டீசல்களில் மிகுதியாகப் புழங்கும் அமைப்பு இதுதான்.

எந்த லோகோவில் தொடங்கலாம்

முதல் முயற்சிக்கு முழு அகல உடல் கொண்ட லோகோ நல்லது: இ8, எஃப்7 போன்றவை. அவற்றின் உடல் 1:160-இல் சுமார் 19, 20 மி.மீ. அகலம். உள்ளே 11×15 மி.மீ. ஸ்பீக்கர் தாராளமாகப் போகும், சில சமயம் 13×18-கூடப் போகும். ஹுட் வகைகளுக்கு 8×12 அல்லது 9×16 மி.மீ. ஸ்பீக்கர்தான் வழி. நீராவி லோகோ என்றால் டெண்டருக்குள் இடம் கிடைக்கும், ஆனால் லோகோவுக்கும் டெண்டருக்கும் இடையே கம்பிகள் ஓட வேண்டியிருப்பதால் அது வேறு தலைவலி. நெக்ஸ்ட்18 சாக்கெட்டும் (டிகோடரைச் சொருகும் 18 முனை இணைப்பு) ஸ்பீக்கர் இடமும் தொழிற்சாலையிலேயே வைத்து வரும் புதிய ஐரோப்பிய, பிரிட்டிஷ் மாடல்களுக்கு இந்த வழிகாட்டியில் பாதி தேவைப்படாது. சொருகினால் போதும். ஒன்றை மட்டும் அளந்து பாருங்கள்: ஒலி இல்லாத நெக்ஸ்ட்18 டிகோடருக்கு 15 மி.மீ. நீளம் ஒதுக்கினால் போதும், ஒலி டிகோடருக்கு 25 மி.மீ. வேண்டும்.

எதுவானாலும் லோகோ முதலில் சாதாரண டிசியில் (டிகோடர் இல்லாமல், நேர்மின்சாரத்தில்) வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். டிசியில் இழுத்து இழுத்து ஓடும் லோகோவில் டிகோடர் போட்டால் அந்தக் கோளாறோடு ஒலி விட்டுவிட்டு வருவதும் சேர்ந்துகொள்ளும். அரை மணி நேரம் இருபுறமும் ஓட்டுங்கள். சக்கரங்களையும் போகியின் (லோகோவுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் தொகுதி) செப்புப் பட்டைகளையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். பிறகு 12 வோல்ட் கொடுத்து, ஃப்ளைவீலை விரலால் ஒரு நொடி மட்டும் பிடித்து நிறுத்தி, மின்னோட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். மைக்ரோ வகை ஒலி டிகோடர்கள் பொதுவாக 0.7 முதல் 1 ஆம்பியர் வரை தாங்கும். நல்ல நவீன மோட்டார் இதற்கு வெகு கீழே நிற்கும். பழைய மோட்டார் 1 ஆம்பியரைத் தொட்டால் மோட்டாரை மாற்றாமல் மேலே போகாதீர்கள்.

தேவையானவை

மைக்ரோ ஒலி டிகோடர் ஒன்று. ஈஎஸ்யு லாக்சவுண்ட் 5 மைக்ரோ சுமார் 21×10 மி.மீ., லாக்சவுண்ட் 5 நானோ அதைவிடச் சற்றுச் சிறியது, ஜீமோ எம்எஸ்490 சுமார் 19×9 மி.மீ. இவை கம்பி வகைகள். காட்டோ, அட்லஸ் விளக்குப் பலகையை எடுத்துவிட்டு அதே வடிவில் நேராக உட்காரும் பலகை வகை டிகோடர்களும் உண்டு. உங்கள் மாடலுக்குப் பலகை வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். பாதி சால்டரிங் வேலை மிச்சம்.

'சுகர் கியூப்' எனப்படும் குட்டிச் செவ்வக ஸ்பீக்கர் இரண்டு, 8 ஓம். ஒன்று பொருத்த, ஒன்று கைத்தவறுக்கு. 0.5 மி.மீ. ஸ்டைரீன் தகடு. 6, 10 மி.மீ. அகலத்தில் கேப்டன் டேப் (வெப்பம் தாங்கும், மின்சாரம் கடத்தாத மெல்லிய டேப்). 0.5 மி.மீ. தடிமனில் ரோசின் உள்ள சால்டர். நுனி கூரான, வெப்பம் மாற்றக்கூடிய அயர்ன். பீப் ஒலி தரும் மல்டிமீட்டர். சிறிய தட்டை அரம், கார்பைடு முனையுள்ள சுழல்கருவி. 1 கிலோஓம் மின்தடை இரண்டு. மாடல் கடையில் கிடைக்கும் கேனோபி க்ளூ அல்லது உலர்ந்தபின் ரப்பர்போல் இருக்கும் வெள்ளைப் பசை. அமிலம் கலந்த ஃப்ளக்ஸ் வேண்டவே வேண்டாம். இந்த மெல்லிய கம்பிகளை அது சில மாதங்களில் அரித்துவிடும்.

கம்பி வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. டிகோடர் கையேடுகள் சொல்லும் கேஜ் அமெரிக்கக் கணக்கு. நம் ஊர் மோட்டார் வைண்டிங் கடைகளில் சொல்வது பிரிட்டிஷ் கணக்கு. அமெரிக்க 32 கேஜ் 0.20 மி.மீ., பிரிட்டிஷ் 32 கேஜ் 0.27 மி.மீ. எண்ணை மட்டும் சொல்லி வாங்கினால் விறைப்பான கம்பி வந்து சேரும். பிரிட்டிஷ் 36 கேஜ்தான் நமக்கு வேண்டிய 0.19 மி.மீ. கடையில் எண்ணைச் சொல்லாமல் விட்டத்தைச் சொல்லுங்கள்.

எந்த ஒலிக்கோப்பு

லோகோவின் டீசல் எஞ்சின் எது என்பதைப் பார்த்து ஒலிக்கோப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லோகோவின் நிறமோ ரயில்வேயின் பெயரோ இதற்கு உதவாது. எஸ்டி40-2-க்கு டர்போ வைத்த 16 சிலிண்டர் இஎம்டி 645. இந்திய லோகோவை மாடலாகச் செய்பவர்களுக்கும் இதே கணக்குதான். டபிள்யூடிஎம்-2, டபிள்யூடிஎம்-3ஏ இரண்டுக்கும் 16 சிலிண்டர் ஆல்கோ 251. டபிள்யூடிஜி-4, டபிள்யூடிபி-4 இரண்டுக்கும் 16 சிலிண்டர் இஎம்டி 710, அதாவது அமெரிக்க எஸ்டி70 குடும்பத்தின் ஒலி. மீட்டர் கேஜ் ஒய்டிஎம்-4-க்கு 6 சிலிண்டர் ஆல்கோ 251. இலங்கையின் எம்2-க்கு டர்போ இல்லாத 12 சிலிண்டர் இஎம்டி 567, எம்4-க்கு 12 சிலிண்டர் ஆல்கோ 251. ஹாரன் மட்டும் வேறாக இருக்கும். பெரும்பாலான டிகோடர்களில் ஹாரனைத் தனியாக மாற்றிக்கொள்ளலாம்.

லாக்சவுண்டில் கோப்பை மாற்ற லாக்ப்ரோகிராமர் கருவி வேண்டும். அது இல்லாதவர்கள் கடையிலேயே ஏற்றித் தரச் சொல்லுங்கள். சவுண்ட்ட்ராக்ஸ் சுனாமி2-இல் ஒரு குடும்பத்துக்குரிய பல எஞ்சின்கள் உள்ளேயே இருக்கும், சிவி (டிகோடருக்குள் எண்ணாகப் பதியும் அமைப்பு) வழியாகத் தேர்ந்துகொள்ளலாம்.

ஸ்பீக்கர் பெட்டி

வேலையின் முக்கியமான பகுதி இது.

ஸ்பீக்கரின் சவ்வு முன்பக்கம் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்பக்கம் இழுக்கிறது. இரண்டு அலைகளும் சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். தாழ்ந்த ஸ்வரங்கள் முதலில் போகும், டீசலின் உறுமல் முழுக்க அங்கேதான் இருக்கிறது. பெட்டி இல்லாத சுகர் கியூப்பை மேசையில் வைத்துக் கேளுங்கள், தகர டப்பாவில் பட்டாணி உருட்டியதுபோல் இருக்கும். அதையே காற்றுப்புகாத பெட்டியில் வைத்தால் இதுவா அது என்று தோன்றும். பெட்டி பெரிதாக இருந்தால் இன்னும் தாழ்ந்த ஸ்வரங்களும் கேட்கும். ஆனாலும் இந்த அளவு ஸ்பீக்கரிடம் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

கணக்குப் பாருங்கள். 8×12 ஸ்பீக்கரின் பின்னால் உள்ளளவு 7×11×4 மி.மீ. பெட்டி வைத்தால் சுமார் 0.3 கன செ.மீ. காற்று. 11×15 ஸ்பீக்கருக்கு 10×14×8 வைத்தால் 1.1 கன செ.மீ. மூன்றரை மடங்குக்கும் மேல். எனவே ஹுட் லோகோவில் ஃப்ரேமை வெட்டும்போது கிடைக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரையும் பெட்டியின் ஆழத்துக்கே கொடுங்கள்.

செய்முறை: ஸ்பீக்கரின் ஓரத்தை அளந்து, 0.5 மி.மீ. ஸ்டைரீனில் நான்கு சுவர், ஓர் அடித்தகடு வெட்டுங்கள். ஸ்டைரீன் திரவப் பசையால் பெட்டியை ஒட்டி ஒரு மணி நேரம் காயவிடுங்கள். ஒரு சுவரில் கம்பி செல்ல இரண்டு துளைகள், கம்பியின் விட்டத்துக்கு மேல் துளிகூடப் பெரிதாக வேண்டாம். கம்பிகளை முதலில் ஸ்பீக்கர் முனைகளில் சால்டர் செய்யுங்கள்: 320 டிகிரி, ஒரு நொடிக்குள் கை எடுத்துவிட வேண்டும். அதிக நேரம் பிடித்தால் முனை பதிந்த பிளாஸ்டிக் உருகி உள்ளிருக்கும் சுருளின் இணைப்பு அறுந்துவிடும். பிறகு கம்பிகளைத் துளை வழியாக வெளியே எடுத்து, ஸ்பீக்கரை விளிம்பில் உட்கார வைத்து, சுற்றிலும் கேனோபி க்ளூ ஓடவிடுங்கள். கம்பித் துளைகளிலும் ஒரு சொட்டு.

சூப்பர் க்ளூவை இந்த இடத்தில் தொடாதீர்கள். அதன் ஆவி சவ்வில் படிந்து அதை விறைக்க வைக்கும், மெல்லிய பசை இடுக்கு வழியாக ஊர்ந்து சவ்வையே ஒட்டிவிடும்.

பெட்டியைப் பொருத்துவதற்கு முன் மூன்று சோதனைகள். மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 7 முதல் 8 ஓம் வரை காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் சுருள் போய்விட்டது. அடுத்து, டிகோடரை வெளியிலேயே இணைத்து மெல்லிய ஒலியில் ஓடவிட்டு, பெட்டியின் ஒவ்வோர் இணைப்பையும் விரல் நுனியால் அழுத்துங்கள். எங்கே அழுத்தும்போது ஒலி மாறுகிறதோ அங்கே காற்று ஒழுகுகிறது. மேலும் பசை. கடைசியாக, சவ்வுக்கு எதிரே குறைந்தது 1 மி.மீ. வெற்றிடம் இருக்கிறதா என்று மேற்கூட்டோடு வைத்துப் பாருங்கள். சவ்வு எதையாவது தொட்டால் கரகரப்பு வரும், பலர் அதை 'டிகோடர் கோளாறு' என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

சவ்வு மேலே பார்க்கலாமா, கீழே பார்க்கலாமா? இரண்டும் நடக்கும். போகியைச் சுற்றி உள்ள இடைவெளியே ஒலி வெளியேறப் போதும், மேற்கூட்டில் துளை போடத் தேவையில்லை. கீழே பார்க்க வைத்தால் தண்டவாளத்தில் கிடக்கும் இரும்புத் துகள்களை ஸ்பீக்கரின் காந்தம் இழுத்துக்கொள்ளும். ஒரு அடுக்கு மெல்லிய துணி ஒட்டிவிடுங்கள்.

ஃப்ரேமை வெட்டுதல்

லோகோவைப் பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் ஃபோனில் படம் எடுத்துவிடுங்கள். குறிப்பாக ஃப்ரேம் திருகுகளின் பிளாஸ்டிக் உறைகள், மோட்டாரின் தொட்டில், வார்ம் (திருகு வடிவப் பல்லிணை) தாங்கிகள் எந்தப் பக்கம் இருந்தன என்பதை. மோட்டாரை வெளியே எடுத்து ஜிப் பையில் போட்டு மூடிவிடுங்கள். துத்தநாகத் தூளில் இரும்பு இல்லை, காந்தத்தால் பொறுக்கி எடுக்க முடியாது. ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தும். மோட்டார் காம்யூட்டேட்டரில் ஒரு துகள் போதும்.

எங்கே வெட்டலாம்? ஹுட் டீசலில் பின் போகிக்கு மேலே, விளக்குக்கு முன்னால் இருக்கும் கட்டைப் பகுதி பொதுவாக வெறும் எடைதான். அங்கே 9×13 மி.மீ., ஆழம் 6.5 மி.மீ. குழி கிடைத்தால் 8×12 ஸ்பீக்கர் பெட்டி உட்காரும். கேபின் இருக்கும் பக்கமும் பார்க்கலாம், ஆனால் ஜன்னல் வழியாகப் பெட்டி தெரியும். மோட்டார் தொட்டில், வார்ம் தாங்கி இருக்கைகள், போகி ஊன்றும் இடம் ஆகிய மூன்றையும் தொடக்கூடாது. அவற்றின் எல்லையிலிருந்து 2 மி.மீ. விட்டு மார்க்கரால் கோடு போடுங்கள்.

இரண்டு பாதிகளையும் தனித்தனியாக வைஸில், அட்டை இடையிட்டுப் பிடித்து வெட்டுங்கள். கார்பைடு முனையைக் குறைந்த வேகத்தில் பயன்படுத்துங்கள், வேகம் கூடினால் உலோகம் உருகி முனையில் அப்பிக்கொள்ளும். அரத்தால் சமன் செய்யும்போது முதலில் அரத்தின் மேல் சாக்பீஸ் தேயுங்கள், பற்களில் துகள் அடைக்காது. கண்ணாடியும் முகமூடியும் அணிந்தே செய்யவும். முடிந்ததும் சோப்பு நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். வெட்டிய முகங்கள் முழுவதும் கேப்டன் டேப் ஒட்டுங்கள்.

எடை குறையும், அதோடு இழுவையும். ஸ்பீக்கர் இடம் போக மீந்த மூலைகளில் டங்ஸ்டன் பசை அடைத்து ஈடுகட்டலாம். அதுவும் கடத்தக்கூடியது என்பதால் மேலே டேப் கட்டாயம்.

மோட்டாரைத் தனிமைப்படுத்துதல்

கருகிப்போகும் டிகோடர்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இங்கே நடக்கும் தவறுதான். பிளவு ஃப்ரேமில் இடது பாதி இடத் தண்டவாளத்தோடும், வலது பாதி வலத் தண்டவாளத்தோடும் இணைந்தே இருக்கும். மோட்டாரின் இரண்டு செப்பு நாக்குகளும் அதிலிருந்து கால் மில்லிமீட்டர் தூரத்தில் நிற்கும். டிசியில் அவை ஃப்ரேமைத் தொட்டாலும் பெரிய கெடுதல் இல்லை, லோகோ ஓடிக்கொண்டே இருக்கும். டிசிசியில் (டிகோடரோடு ஓடும் டிஜிட்டல் முறையில்) தொட்டால், தண்டவாள மின்னோட்டம் நேராக டிகோடரின் மோட்டார் வெளியீட்டுக்குள் பாயும். கண் சிமிட்டும் நேரத்தில் புகை வந்துவிடும்.

ஒவ்வொரு நாக்கின் ஃப்ரேம் பக்கத்திலும் கேப்டன் டேப் ஒட்டுங்கள், நாக்கு வளையும் இடம்வரை கீழே இறங்க வேண்டும். ஃப்ரேம் பாதிகளின் எதிர்முகத்திலும் ஒரு துண்டு. பிறகு ஃப்ரேமை மூடி, டிகோடர் எதையும் இணைக்காமல், மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்துப் பாருங்கள்:

– இடச் சக்கரத்துக்கும் இட ஃப்ரேம் பாதிக்கும் இடையே பீப் வர வேண்டும். வலத்துக்கும் அப்படியே.
– இரண்டு ஃப்ரேம் பாதிகளுக்கும் இடையே பீப் வரக்கூடாது.
– ஒவ்வொரு மோட்டார் நாக்குக்கும் ஒவ்வொரு ஃப்ரேம் பாதிக்கும் இடையே, ஆக நான்கு சோதனைகள், எதிலும் பீப் வரக்கூடாது.

இதை ஃப்ளைவீலை விரலால் சுழற்றியபடி, லோகோவைத் திருப்பி, அழுத்தி, குலுக்கி மறுபடி செய்யுங்கள். சும்மா வைத்திருக்கும்போது சரியாக இருந்து, ஓடும்போது தொடும் நாக்குகள் உண்டு.

கம்பி இணைப்பு

என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) வகுத்த வண்ண முறை இது. சிவப்பு வலத் தண்டவாளம், கறுப்பு இடத் தண்டவாளம். ஆரஞ்சும் சாம்பலும் மோட்டார். வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு. நீலம் எல்லா விளக்குகளுக்கும் பொதுவான நேர்முனை. பச்சை, ஊதா கூடுதல் வெளியீடுகள்.

ஊதாவில்தான் சிக்கல். ஈஎஸ்யு டிகோடரில் ஊதா என்பது கூடுதல் வெளியீடு, ஸ்பீக்கர் கம்பிகள் பழுப்பு. சவுண்ட்ட்ராக்ஸிலும் ஜீமோவிலும் ஊதாதான் ஸ்பீக்கர், பழுப்பு கூடுதல் வெளியீடு. ஒரு நிறுவனத்தின் டிகோடருக்குப் பழகிய கை மற்றதை இணைக்கும்போது, நினைவை நம்பாமல் கையேட்டின் படத்தைப் பார்ப்பது நல்லது.

ஸ்பீக்கரின் இரண்டு கம்பிகளும் ஃப்ரேமையோ, தண்டவாளத்தையோ, நீலக் கம்பியையோ தொடக்கூடாது. ஸ்பீக்கரின் ஒரு முனையை 'எர்த்' என்று நினைத்து ஃப்ரேமில் இணைத்தால் ஒலிப்பெருக்கிச் சிப் அந்தக் கணமே போய்விடும். மோட்டாரும் விளக்கும் வேலை செய்துகொண்டே இருக்கும், ஒலி மட்டும் திரும்ப வராது.

துத்தநாக ஃப்ரேமில் சால்டர் ஒட்டாது. கம்பி வகை டிகோடர் என்றால், ஒவ்வொரு பாதியிலும் 1.25 மி.மீ. துளையிட்டு எம்1.6 மரை போட்டு, சிறு திருகின் கீழ் கம்பியைச் சிக்க வைக்கலாம். திருகின் நுனி எதிர்ப் பாதியைத் தொடாதபடி நீளத்தைக் குறையுங்கள். போகியிலிருந்து வரும் செப்புப் பட்டையில் நேராகச் சால்டர் செய்ய இடமிருந்தால் அது இன்னும் நம்பகமானது.

பலகை வகை டிகோடரில் ஃப்ரேமின் பள்ளங்கள் பலகையின் தொடுமுனைகளை இறுக்கிப் பிடிக்க வேண்டும். தளர்வாக இருந்தால் லோகோ ஓடும்போது ஒலி அறுந்து அறுந்து மறுபடி 'ஸ்டார்ட்' ஆகும். தொடுமுனைகளில் மெல்லிய படலமாகச் சால்டர் பூசித் தடிமனைக் கூட்டுங்கள். குமிழாகப் பூசினால் ஃப்ரேம் மூடாது, வலிந்து மூடினால் பலகை விரிசல் விடும். மோட்டார் நாக்குகளைப் பலகையின் முனைகளில் ஒரு துளி சால்டரால் நிலையாக ஒட்டிவிடுவது நல்லது.

விளக்குகளுக்கு எல்இடியின் நேர்முனை நீலத்துக்கு, எதிர்முனை 1 கிலோஓம் வழியாக வெள்ளைக்கோ மஞ்சளுக்கோ. இப்போதைய எல்இடிகள் கண்ணைப் பறிப்பவை. 2.2 கிலோஓம் போட்டால் நிஜ லோகோ விளக்கு போலிருக்கும். மின்தடை இல்லாமல் 'ஒரு நிமிடம் சோதித்துப் பார்க்கலாம்' என்று இணைத்தால் அந்த எல்இடி அதோடு சரி.

இரண்டு ஸ்பீக்கர் வைப்பவர்கள்: இரண்டு 8 ஓம் வரிசையாக இணைத்தால் 16 ஓம், பக்கவாட்டில் இணைத்தால் 4 ஓம். லாக்சவுண்ட் 5 வரிசை 4 முதல் 32 ஓம் வரை ஏற்கும். 8 ஓம் என்று மட்டும் சொல்லும் டிகோடரில் 4 ஓம் போட்டால் சிப் சூடேறிச் சாகும். ஒன்றின் நேர்முனையையும் மற்றதன் எதிர்முனையையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் இரண்டும் எதிரெதிராக அசைந்து, ஒன்றே ஒன்று இருந்ததைவிட மெலிந்த ஒலி வரும்.

டிகோடரை ஹீட் ஷ்ரிங்க் குழாயில் முழுவதும் பொதிய வேண்டாம், வெப்பம் வெளியேறாது. அடியில் கேப்டன் டேப் ஒரு அடுக்கு, மேலே திறந்தபடி.

மின்தேக்கிகள்

தூசியும் பாயின்ட் முனைகளும் மின்சாரத்தை நொடிப்பொழுது அறுக்கும். மோட்டாருக்கு ஃப்ளைவீல் உண்டு, ஒலிக்கு இல்லை. அதனால்தான் ஒலி லோகோவில் சேமிப்பு மின்தேக்கி உதவுகிறது. 220 மைக்ரோஃபாரட் டான்டலம் வகை மின்தேக்கிகள் ஐந்தைப் பக்கவாட்டில் இணைத்தால் 1,100 மைக்ரோஃபாரட். 12 வோல்ட்டிலிருந்து 7 வோல்ட் வரை, 200 மில்லிஆம்பியரில், இது சுமார் 0.03 நொடி தாங்கும். ஒரு தூசிப்புள்ளியைத் தாண்ட அது போதும், அழுக்குத் தண்டவாளத்தைத் துடைக்காமல் விட அது போதாது. 'டி' அளவு டான்டலம் ஒன்று 7.3×4.3 மி.மீ. இருக்கும், ஹுட் லோகோவில் ஐந்துக்கு இடம் கிடைப்பது அரிது. ஸ்பீக்கர் பெட்டியைச் சுருக்கி இதற்கு இடம் தேடாதீர்கள். அந்தப் பேரம் நஷ்டம்.

இணைப்பு நீலத்துக்கும் டிகோடரின் எதிர்முனைப் புள்ளிக்கும் இடையே. மின்னேற்றம் 100 ஓம் வழியாகவும், வெளியேற்றம் ஒரு டயோடு வழியாகவும் நடக்க வேண்டும். இல்லையென்றால் லோகோவைத் தண்டவாளத்தில் வைத்ததும் பூஸ்டர் (தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் கருவி) ஷார்ட் என்று நினைத்து அணைந்துவிடும். டான்டலத்தின் மேல் உள்ள பட்டை நேர்முனையைக் குறிக்கும். சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கில் பட்டை எதிர்முனை என்பதால் பலர் தலைகீழாக மாட்டுகிறார்கள், டான்டலம் தீப்பிடித்து எரியும். 16 வோல்ட் மின்தேக்கி போட்டால் பூஸ்டரை என் ஸ்கேல் நிலையில், 12 வோல்ட்டில் வையுங்கள். மனநிம்மதி வேண்டுமானால் 25 வோல்ட், 100 மைக்ரோஃபாரட்.

முதல் மின்சாரம்

மேற்கூடு போடாமல், புரோகிராமிங் தடத்தில் (சிவிகளைப் படிக்கவும் எழுதவும் உள்ள தனித் தடம்) மட்டும் வையுங்கள். என்எம்ஆர்ஏ பரிந்துரைப்படி அந்தத் தடத்தில் 250 மில்லிஆம்பியருக்கு மேல் நீடித்து ஓடாது. தவறு இருந்தாலும் டிகோடர் பிழைக்க வாய்ப்பு அதிகம். பிரதான தடத்தில் அந்தக் கருணை கிடையாது.

சிவி 8-ஐப் படியுங்கள். ஈஎஸ்யு என்றால் 151, ஜீமோ 145, சவுண்ட்ட்ராக்ஸ் 141, டிஜிட்ராக்ஸ் 129 வரும். எண் வந்தால் தண்டவாளம், மோட்டார் இரண்டு இணைப்பும் சரி. ஏனென்றால் டிகோடர் பதில் சொல்வதே மோட்டாருக்கு ஒரு சிறு துடிப்பு கொடுத்து மின்னோட்டத்தை 60 மில்லிஆம்பியர் உயர்த்தித்தான். எண் வராமல் லோகோ துடிக்கவும் இல்லையென்றால் மோட்டார் கம்பியைப் பாருங்கள். துடிக்கிறது, ஆனால் எண் வரவில்லை என்றால் மின்தேக்கிதான் குற்றவாளியாக இருக்கும். அதைத் தற்காலிகமாகக் கழற்றுங்கள், அல்லது புரோகிராமிங் பூஸ்டர் இணையுங்கள்.

படிக்க முடிந்தது என்றால் உடனே ஒலியளவைக் குறையுங்கள். ஈஎஸ்யுவில் சிவி 63 (0 முதல் 192 வரை) 60-இல் வையுங்கள். ஜீமோவில் சிவி 266, சுனாமி2-இல் சிவி 128. தொழிற்சாலை அளவு பெரிய ஸ்பீக்கருக்கு வைத்தது, சுகர் கியூப்பை முதல் ஹாரனிலேயே கிழிக்கக்கூடும். பிறகு பிரதான தடத்தில், தொழிற்சாலை முகவரியான 3-இல், மெதுவாக. கட்டுப்பாட்டுக் கருவியின் எஃப் பொத்தான்களில், ஈஎஸ்யுவில் எஞ்சினை எஃப்8 கிளப்பும், எஃப்1 மணி, எஃப்2 ஹாரன். சுனாமி2-இல் எஞ்சின் தானாகவே கிளம்பும், எஃப்8 வாயை மூடும்.

ஹாரன் கரகரக்கத் தொடங்கும் அளவைக் கண்டுபிடித்து, அதற்கு இரண்டு படி கீழே இறக்கி நிறுத்துங்கள். ஹாரன் கத்தும்போதே எஞ்சின் ஒலி கேட்க வேண்டும் என்பது சமநிலையின் அளவுகோல். தனித்தனி ஒலிகளுக்கும் சிவிகள் உண்டு: மணியையும் ஹாரனையும் பாதியாக்கினால் எஞ்சினுக்கு இடம் கிடைக்கும். ஈக்வலைசர் இருந்தால் தாழ்ந்த ஸ்வரங்களைக் குறையுங்கள். ஸ்பீக்கரால் எழுப்ப முடியாத ஒலியை அனுப்புவதால் அது திணறுவதைத் தவிர வேறு பயன் இல்லை.

ஓட்டத்தைச் சீராக்குதல்

நிஜ டீசல் முதலில் உறுமும், பிறகுதான் நகரும். மாடல் அப்படி நடக்க முடுக்கம் தேவை. சிவி 3 முடுக்கம், சிவி 4 வேகக்குறைப்பு. 40 என்று வைத்தால் என்எம்ஆர்ஏ கணக்கில் (0.896 பெருக்கல்) நின்ற நிலையிலிருந்து உச்ச வேகத்துக்கு சுமார் 36 நொடி. லாக்சவுண்டில் பெருக்கல் 0.25, அதே 40-க்கு 10 நொடிதான். வேறு டிகோடரிலிருந்து எண்ணைக் காப்பியடித்தால் ஏமாற்றமே.

லோகோ மெதுவான வேகத்தில் திக்கினால், லாக்சவுண்டில் சிவி 54-இல் 0 எழுதி, முன்னால் ஒரு மீட்டராவது நேர்த்தடம் இருக்கும்படி வைத்து எஃப்1 அழுத்துங்கள். லோகோ பாய்ந்து ஓடி, மோட்டாரின் குணத்தைத் தானே அளந்து பதித்துக்கொள்ளும். மேசை ஓரத்தில் செய்யாதீர்கள்.

நான்கு இலக்க முகவரியை நேரடியாகக் கணக்கிட வேண்டியிருந்தால்: 7240-ஐ 256-ஆல் வகுத்தால் ஈவு 28, மீதி 72. சிவி 17-இல் 192+28=220, சிவி 18-இல் 72. சிவி 29-இல் 34 எழுதினால் 28/128 வேகப்படியும் நீள முகவரியும் சேரும், டிசி ஓட்டம் அணைந்திருக்கும். டிசியை அணைப்பது நல்லது, பூஸ்டர் தடுமாறும்போது லோகோ தானாகப் பறக்காது. எல்லாம் குழம்பிவிட்டால் சிவி 8-இல் 8 எழுதுங்கள், தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும்.

கூடு போட்டபின் வரும் கோளாறுகள்

திறந்திருந்தபோது நன்றாக ஓடி, கூடு போட்டதும் நின்றால், கூடு எதையோ அழுத்துகிறது: பெரும்பாலும் மோட்டார் நாக்கை, அல்லது பலகையை ஃப்ரேமின்மேல். கூட்டின் உட்புறத்தில் மார்க்கர் மை தடவி, போட்டு எடுத்தால், பட்ட இடத்தில் மை ஒட்டியிருக்கும். அங்கே கூட்டின் உட்சுவரைச் சுரண்டுங்கள்.

கூடு போட்டபின் ஒலி மட்டும் மங்கினால் சவ்வு சுவரைத் தொடுகிறது. குறிப்பிட்ட ஓர் எஞ்சின் வேகத்தில் மட்டும் 'ஜ்ர்ர்' என்று அதிர்ந்தால் ஸ்பீக்கருக்குக் குற்றமில்லை: கைப்பிடிக் கம்பியோ ஜன்னல் பிளாஸ்டிக்கோ அதிர்கிறது. ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எது நிற்கிறது என்று பாருங்கள், ஒரு சொட்டு கேனோபி க்ளூ போதும். பத்து நிமிடம் ஓடியபின் ஒலி நின்று, ஆறியதும் திரும்ப வந்தால் டிகோடர் வெப்பத்தால் தன்னைக் காத்துக்கொள்கிறது: ஒன்று மோட்டார் அதிகம் இழுக்கிறது, அல்லது டிகோடரை டேப்பால் மூச்சுத்திணற அடைத்திருக்கிறீர்கள். வளைவுகளில் மட்டும் ஒலி அறுந்தால் போகியின் செப்புப் பட்டையில் அழுத்தம் போதவில்லை. போகியைக் கழற்றி, பட்டையைக் கால் மில்லிமீட்டர் மேலே வளைத்துவிடுங்கள். அதற்குமேல் வளைத்தால் போகி திரும்பாமல் தடம்புரளும்.